பழைய லாண்ட்றோவர் பிக்கப்பில் இராணுவக் கைவிஞ்சு பூட்டுவது: முழுமையான வழிகாட்டி

ஊரில் பாரம் தூக்க வேண்டுமென்றால் முன்பு படலையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். "தம்பியவை, ஒருக்கா கை குடுங்கோ" என்றால் நாலு பேர் வந்துவிடுவார்கள். இப்போது பெடியளில் பாதிப்பேர் வெளிநாட்டில், மிச்சப்பேர் காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார்கள். லாண்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) எஞ்சினைக் கழற்றி வைத்தால் அதை வண்டியில் ஏற்ற இரண்டு நாள் ஆள் தேட வேண்டும். எஞ்சின் மட்டுமே 100 கிலோவுக்கு மேல். வன்னியில், ஒட்டுசுட்டானில் என் லாண்ட்றோவரின் பின்பெட்டியில் ஒரு பழைய இராணுவக் கைவிஞ்சைப் பூட்டியதற்கு இதுதான் காரணம். மின்சாரம், பற்றரி எதுவும் வேண்டாம். கைபிடியைச் சுற்றினால் பாரம் எழும்பும்.

என் வண்டி 109 அங்குல பிக்கப், இரண்டாம் 'ஏ' வரிசை. 1961க்கும் 1971க்கும் இடையில் வந்த சாதி. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடித் தப்பியது. பழைய ஹைலக்ஸ், டட்சன் போன்ற வேறு பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆனால் தனியான செசி (அடிச்சட்டம்) உள்ள வண்டியாக இருக்கவேண்டும். மொறிஸ் மைனர் பிக்கப்புக்கும் தனிச் செசி உண்டு, ஆனால் அது சின்ன வண்டி, அதில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

முதலில் இரும்பை விசாரியுங்கள்

விஞ்சை வவுனியாவில் ஒரு பழைய இரும்புக்கடையில் நிறுத்து வாங்கினேன். இரண்டாம் உலகப்போரில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்தது, பியூபோட் குண்டுவீச்சு விமானங்கள் நின்றன. அங்கே குண்டு ஏற்றிய விஞ்சுதான் இது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். கதைக்கு நிறை இல்லாதபடியால் நான் அதற்குக் காசு கொடுக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கம்பித் தூரிகையால் தேய்த்தபோது, மூன்று நிறப் பூச்சுக்குக் கீழே மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி தெரிந்தது. பிரித்தானிய அரச உடைமைக்குப் போடும் குறி அது. அதன் கீழே 'எஸ்.டபிள்யூ.எல். 10 சி.டபிள்யூ.டி.' என்று பொறித்திருந்தது. எஸ்.டபிள்யூ.எல். என்றால் பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய பாரம். சி.டபிள்யூ.டி. வேறொன்றுமில்லை, நாங்கள் சொல்லும் அந்தர்தான்: 112 இறாத்தல், 50.8 கிலோ. ஆக 10 அந்தர், 508 கிலோ. பொறிப்பு இல்லாத விஞ்சை வாங்காதீர்கள். எவ்வளவு தூக்கும் என்பதைப் பார்வையால் சொல்லமுடியாது.

தேய்க்கும்போது தூசியைப் பற்றிக் கவனம். பழைய இராணுவப் பூச்சில் ஈயம் இருக்கலாம், பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஈரப்படுத்தித் தேயுங்கள், முகமூடி போடுங்கள், காற்றடித்துத் துப்புரவாக்காதீர்கள். இன்னொன்று, எங்கள் மண்ணுக்கே உரியது. பழைய இரும்புக் குவியலில் குழாய் போல, மூடி போல, செட்டை வைத்த துண்டு போல எதையாவது கண்டால் தொடாமல் விலகிப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ சொல்லுங்கள். "அது வெடிச்சு முடிஞ்ச சாமான் அண்ணை" என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வெடிப்புப் பார்ப்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. வார்ப்புப் பகுதிகளையும் கொழுக்கியையும் கழுவிக் காயவைத்து மண்ணெண்ணெய் பூசுங்கள். அரைமணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் மயிர்க்கோடு போலத் தெரியும். வார்ப்பிரும்பில் கோடு தெரிந்தால் அந்தத் துண்டு முடிந்தது. சாதாரண வெல்டிங் கூரால் ஒட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

பிறகு பல்லும் பூட்டும். பற்சக்கரத்தில் விழும் நாக்கின் முனை கூராக இருக்கவேண்டும். உருண்டிருந்தால் லேத்தில் புதிதாகச் செய்வியுங்கள். அதன் சுருளையும் மாற்றுங்கள், அது மலிவு. நாக்கு மட்டும் உள்ள விஞ்சை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. பாரம் இறக்குவதற்கு நாக்கைத் தூக்கினால், அந்தக் கணத்தில் முழுப் பாரமும் உங்கள் கையில். கைபிடி சுழன்று அடித்தால் மணிக்கட்டு போய்விடும். கைபிடியை விட்டாலும் தானே பிடித்து நிற்கும் உராய்வு பிரேக் இருக்கவேண்டும். ஒரு 50 கிலோ மூட்டையை ஓர் அடி உயர்த்திக் கைபிடியை விடுங்கள்: அசையக்கூடாது. பின்பக்கமாக அரைச் சுற்றுச் சுற்றுங்கள்: அரைச் சுற்றுக்கு உரிய அளவு மட்டும் இறங்கவேண்டும்.

கணக்கு, வண்டிக்குத்தான்

விஞ்சின் கணக்கு இனிப்பானது. என்னுடையதில் கைபிடி 12 அங்குலம், வடம் சுற்றும் உருளையின் ஆரை 2 அங்குலம், பல்லுக் குறைப்பு 8க்கு 1. பெருக்கினால் 48 மடங்கு. உராய்வில் மூன்றிலொன்று போனாலும் 32 மடங்கு மிஞ்சும். 250 கிலோவைத் தூக்கக் கையில் 8 கிலோ அழுத்தம் போதும். ஒரு சுற்றுக்குப் பாரம் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் எழும்பும். மூன்றடி உயர்த்த 23 சுற்று. எங்கள் வீட்டில் பதினைந்து வயது மருமகள் சுற்றுகிறாள்.

இந்த இனிப்பில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கைக்கு 8 கிலோ என்றால் வண்டிக்கும் 8 கிலோ என்று மனம் நினைத்துக்கொள்கிறது. பாரம் தொங்குவது நிமிர்ந்த ஒரு கம்பத்திலிருந்து நீளும் இரும்புக் கையில். என் கம்பம் பின் அச்சுக்கு 2 அடி பின்னால் நிற்கிறது, கை 4 அடி நீளம். கையை நேரே பின்னுக்கு நீட்டினால் பாரம் அச்சிலிருந்து 72 அங்குலம் தள்ளித் தொங்கும். சில்லுக்குச் சில்லு 109 அங்குலம். 250ஐ 72ஆல் பெருக்கி 109ஆல் வகுத்தால் 165. முன்சில்லுகளிலிருந்து 165 கிலோ கழன்று பின்னுக்கு வருகிறது. பின் அச்சு சுமப்பது 250 இல்லை, 415 கிலோ.

கம்பத்தின் அடியில் வருவது இன்னும் மோசம். 250 கிலோ 4 அடி தள்ளித் தொங்கும்போது கம்பத்தைச் சரிக்கப் பார்க்கிறது. அடித்தட்டில் போல்றுகளுக்கிடையே 8 அங்குலம்தான் இருந்தால், பாரத்துக்கு எதிர்ப்பக்கப் போல்றுகள் சேர்ந்து 1,500 கிலோ இழுவையைத் தாங்கவேண்டும். அதே கம்பத்தைக் கீழே ஓரிடத்திலும் 20 அங்குலம் மேலே இன்னோரிடத்திலும் பிடித்தால், ஒவ்வொன்றிலும் 600 கிலோ பக்கத் தள்ளல் மட்டுமே.

நான் இந்தக் கணக்கைப் பிறகுதான் போட்டேன். முதல் தடவை பின்பெட்டியின் தளத்தில் மேலும் கீழும் கால் அங்குலத் தகடு வைத்து, நாலு போல்ற் இறுக்கி, "காணும்" என்று விட்டேன். லாண்ட்றோவரின் பெட்டி அலுமினியம். முதல் எஞ்சினைத் தூக்கியபோது பெட்டித் தளம் அப்பம் போல நடுவில் எழும்பியது. சத்தம்கூட இல்லை. எஞ்சின் நிலத்திலிருந்து அரை அடிதான் எழும்பியிருந்தது, நாங்களும் தள்ளி நின்றோம். பக்கத்துவீட்டு ஐயா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "தம்பி, நீ எஞ்சினைத் தூக்கேல்லை, வண்டியைப் பிய்க்கிறாய்" என்றார்.

ஆகவே விஞ்சில் 10 அந்தர் எழுதியிருந்தாலும் என் வண்டிக்கு நான் வைத்த எல்லை 5 அந்தர், 254 கிலோ. கம்பத்தின் கையில் பெயின்ற்றால் பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறேன்.

செசியைத் தட்டிப் பாருங்கள்

பழைய லாண்ட்றோவரின் செசி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தகட்டில் ஒட்டிய பெட்டிக் குழாய். துரு உள்ளேயிருந்து தின்னும், வெளியே பூச்சு அழகாக நிற்கும். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிப் போங்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் அந்த இடத்தில் ஊசிமுனை வைத்துக் குத்துங்கள். பின் குறுக்குச் சட்டம் இந்த வண்டிகளில் பேர்போன துரு இடம். அது போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், விஞ்சு பிறகு.

துளைக்குமுன் இன்னொரு விஷயம். இந்த வண்டிகளில் பின்விளக்குக்குப் போகும் வயர்க்கட்டு செசிக் குழாய்க்கு உள்ளே ஓடுகிறது. பார்க்காமல் டிறில் போட்டால் விளக்கும் போகும், தீயும் வரலாம். வயரை இழுத்து வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பிரேக் குழாய், சைலன்சர் எங்கே போகின்றன என்பதையும் கீழே படுத்துப் பாருங்கள். பற்றரி வயரைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கி சீற்றுக்குக் கீழே இருக்கிறது. வெல்டிங் இருக்குமென்றால் அதைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள்.

பூட்டும் வேலை

இடம்: பின்பெட்டியின் இடது பின்மூலை. வீதியோரம் நிறுத்தினால் கரைப்பக்கம் அதுதான், பாரமும் ஆட்களும் வாகனங்களுக்குள் வரமாட்டார்கள். பின்கதவு திறந்து மூடுவதற்கு இடம் விடுங்கள்.

தேவையானவை: 4 அங்குல சனல் (ப வடிவ இரும்புச் சட்டம்) இரண்டு துண்டு, 10 மில்லிமீற்றர் தகடு, கம்பம் உள்ளே போகத்தக்க தடித்த குழாய், 2 அங்குல ஆங்கிள், 16 மில்லிமீற்றர் போல்றுகள், பூட்டு நட், தடித்த வாசர். போல்ற் தலையில் 8.8 என்று பொறித்திருக்கவேண்டும். பொறிப்பில்லாத கூரை போல்றை வாங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

சனல் இரண்டையும் பெட்டித் தளத்துக்குக் கீழே, இரண்டு செசிக் குழாய்களுக்கும் குறுக்கே ஒரு முழம் இடைவெளியில் வைக்கிறோம். பாரம் ஒரு குழாயில் மட்டும் ஏறாமல் இரண்டிலும் பிரிவதற்காகத்தான் இது. இங்கே அவசரப்படக்கூடாது. பெட்டிக் குழாயை வெறுமனே துளைத்துப் போல்ற் இறுக்கினால் குழாய் நசியும். நசிந்தால் போல்ற் இளகும், இறுக்கினால் மேலும் நசியும். அதனால் போல்றுக்குச் சரியான உள்விட்டமுள்ள சிறு குழாய்த்துண்டு ஒன்றை வெட்டுங்கள். செசியின் இரண்டு சுவரிலும் அந்தத் துண்டின் வெளிவிட்டத்துக்குத் துளையிட்டு, துண்டை ஊடாக ஏற்றி, இரண்டு வாயையும் சுவரோடு சுற்றி ஒட்டுங்கள். போல்ற் அதற்குள்ளால் போகட்டும். எவ்வளவு இறுக்கினாலும் இறுக்கம் அந்தத் துண்டில்தான். துளைகளைக் குழாயின் உயரத்தில் நடுப்பகுதியிலேயே போடுங்கள். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் போட்டால் செசியின் பலமே போய்விடும். வெட்டிய இடமெல்லாம் துருத்தடைப் பூச்சுப் பூசிய பிறகுதான் பூட்டவேண்டும்.

சனலின் மேல் 10 மில்லிமீற்றர் தகட்டை ஒட்டி, அதில் கம்பத்தின் கீழ்க்கிண்ணத்தை நிறுத்துங்கள். நான் 7018 வெல்டிங் கூர் பயன்படுத்தினேன். ஈரம் பட்ட கூரால் ஒட்டினால் ஒட்டில் வெடிப்பு விழும், மாரியில் வாங்கினால் வெயிலில் போடுவது மட்டும் போதாது, சூட்டு அடுப்பில் உலர்த்தவேண்டும். இந்த ஒட்டைப் பழகிய கையிடம் கொடுங்கள். நான் ஊர்ப் பட்டறைப் பாஸிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கிண்ணத்தின் அடியில் லொறிக் கிங்பின்னில் வரும் த்ரஸ்ற் பெயரிங் ஒன்றைப் போட்டேன். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, பாஸின் யோசனை. கம்பம் பாரத்தோடும் ஒரு கையால் திரும்புகிறது. கம்பத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே இருந்த ஆட்டத்துக்குப் பித்தளை புஷ் கடைந்து ஏற்றினோம். அந்த ஆட்டத்தை அப்படியே விட்டால் கையின் நுனியில் அது பல மடங்காகத் தெரியும்.

பெட்டித் தளத்தில் கம்பத்தைவிட அரை அங்குலம் பெரிதாக வட்டம் வெட்டுங்கள். கம்பம் அலுமினியத்தில் முட்டவே கூடாது. தளத்தில் இருந்து 20 அங்குலம் மேலே ஒரு கழுத்துவளையம், அதிலிருந்து இரண்டு ஆங்கிள் ஊன்று: ஒன்று முன்னோக்கி, ஒன்று வலப்பக்கமாக. இரண்டும் தளத்தினூடே கீழிறங்கிச் சனலில் முடியவேண்டும், பெட்டியில் அல்ல. கை திரும்பும்போது தள்ளலும் திரும்பும், ஒரு பக்க ஊன்று போதாது. இரும்பும் அலுமினியமும் தொடும் இடமெல்லாம் பழைய லொறி ரியூப்பை வெட்டி இடையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் வெள்ளைத் தூளாகப் போகும்.

கழுத்துவளையத்தில் முள்ளு (பூட்டும் இரும்பு ஆணி) போடும் ஓட்டைகள் கட்டாயம். வண்டி கொஞ்சம் சரிந்து நின்றாலும் கை தானாகப் பள்ளப்பக்கம் ஓடும், பாரத்தோடு ஓடினால் தடுக்கமுடியாது. 45 பாகைக்கு ஒன்றாக ஓட்டை போட்டு, தடித்த முள்ளைச் சங்கிலியில் கட்டிவிட்டேன்.

ஊன்றுகால்: பின் குறுக்குச் சட்டத்தின் இடது முனையில், கொங்கிறீற் தட்டுக்கு முட்டுக் கொடுக்கும் திருகு ஜக்கின் துண்டு ஒன்றைப் பூட்டினேன். தூக்குமுன் அதை நிலத்தில் ஊன்றி இறுக்கினால், சொன்ன 415 கிலோவில் பெரும்பகுதி வில்லுக்கு வராமல் நேரே நிலத்துக்குப் போகும். அடியில் ஓரடிச் சதுரப் பாலைப் பலகை, இரண்டங்குலத் தடிப்பு. கார்த்திகை மழைக்குப் பிறகு வயற்கரையில் பலகை இல்லாமல் ஊன்றிப் பாருங்கள், ஜக் கறையான்புற்றுக்குள் போவதுபோலப் போகும்.

கம்பிவடம்

விஞ்சோடு வந்த வடத்தை எறியுங்கள். நான் புதிதாக 8 மில்லிமீற்றர் வடம் வாங்கினேன், கப்பியின் காடி அந்த அளவுக்கு, அதாவது பழைய 5/16 அங்குலத்துக்கு வெட்டப்பட்டிருந்தபடியால். நல்ல 8 மில்லிமீற்றர் உருக்கு வடம் 3 தொன்னுக்கு மேல்தான் அறும். அதில் ஐந்தில் ஒன்றுதான் எங்கள் கணக்கு. அப்படிப் பார்த்தாலும் 5 அந்தருக்கு இடம் தாராளம்.

முனையில் கண்ணி போடும்போது உள்ளே இரும்பு வளையம் வைத்து, மூன்று யூ கிளிப் போடுங்கள், இரண்டு இரண்டு அங்குல இடைவெளியில். கிளிப்பின் சேணப்பக்கம் பாரம் ஏறும் வடத்தில் உட்காரவேண்டும், யூ வளைவு வெட்டிவிட்ட வால் வடத்தில். பாதிப்பேர் மாறிப் போடுகிறார்கள். யூ வளைவு பாரம் ஏறும் வடத்தை நசித்து, ஒருநாள் அந்த இடத்திலேயே அறுக்கும். முதல் பாரம் தூக்கியபின் கிளிப்புகளைத் திரும்ப இறுக்குங்கள். கொழுக்கி எவ்வளவு இறங்கினாலும் உருளையில் மூன்று சுற்று மிஞ்சவேண்டும். கொழுக்கிக்கு வாய்ப்பூட்டு இல்லாவிட்டால் பூட்டுள்ள கொழுக்கியாக மாற்றுங்கள்.

பீப்பாத் தண்ணீரில் சோதனை

எஞ்சினைத் தூக்கிச் சோதிக்காதீர்கள், தண்ணீரைத் தூக்கிச் சோதியுங்கள். 200 லீற்றர் பீப்பா நிறையத் தண்ணீர் 200 கிலோ, பீப்பா ஏறத்தாழ 20. அதன்மேல் 50 கிலோ சீமெந்துப் பை இரண்டைக் கட்டினால் 320. எங்கள் எல்லையைவிட நாலில் ஒரு பங்கு கூட. ஒரு தடவைச் சோதனைக்கு இது போதும்.

முதலில் வெறும் பீப்பா, பிறகு பாதித் தண்ணீர், பிறகு முழுவதும், கடைசியாகச் சீமெந்து. நிலத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயர்த்தவேண்டாம். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் தொங்கவிட்டு, பீப்பாவின் அடிக்கும் நிலத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு தடியால் அளவுங்கள். குறைந்தால் பிரேக் வழுக்குகிறது. தூக்குமுன் ஒவ்வொரு நட்டுக்கும் போல்றுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி வைத்தால், இறக்கியபின் எது அசைந்தது என்று கோடே காட்டிக்கொடுக்கும். எனக்கு வலப்பக்க ஊன்றின் கீழ் நட் கால் சுற்று நகர்ந்திருந்தது. வாசர் மெல்லியது, தடித்ததாக மாற்றினேன். கை பின்னுக்கு, பக்கத்துக்கு, இடைமூலைக்கு என மூன்று திசையிலும் இதே சோதனை.

பிறகு

பாரம் தொங்க வண்டியை நகர்த்தாதீர்கள், ஓரடிகூட. பாரத்தைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். விஞ்சு தூக்குவதற்கு, சேற்றில் புதைந்த றக்ரரை இழுப்பதற்கல்ல. எங்கள் பக்கம் கிணறு இறைத்துத் துப்புரவாக்கும்போது "என்னை இதிலை இறக்கி விடண்ணை" என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். ஆட்களைத் தூக்குவதற்கு வேண்டிய இரட்டைப் பாதுகாப்பு இதில் இல்லை.

வீதியில் ஓடும்போது கையையும் கம்பத்தையும் கழற்றிப் பெட்டிக்குள் படுக்கவைத்துக் கட்டுவேன். ஏ9 வீதியில் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனால் பொலிஸ் மறிக்கும், மறிக்கத்தான் வேணும். செசியில் வேலை செய்வதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு அலைவதைவிட அது சுகம்.

ஐப்பசி பிறக்குமுன் வடத்தை முழுவதும் இழுத்து விரித்து, கையுறை போட்டுப் பழந்துணியால் உருவுகிறேன். அறுந்த கம்பி இருந்தால் துணியில் சிக்கும். பிறகு ஒயில் தடவிச் சுற்றிவைப்பேன். பற்களுக்குக் கிறீஸ், பிரேக் தட்டில் ஒரு சொட்டும் படாமல். போன தடவை உருவும்போது கண்ணிக்குப் பக்கத்தில் இரண்டு கம்பி துணியைப் பிடித்தது. அந்த இரண்டு முழத்தை வெட்டி எறிந்துவிட்டுக் கண்ணியைப் புதிதாகப் போட்டேன்.